எட்டுக்கும் ஒன்பதுக்கும்

மல்லாவி பஸ் நிலையத்துக்குப் பின்னால்
போன் கவர்களுக்கும் ரீசார்ஜ் பலகைக்கும் நடுவில்
இரண்டடிக் கண்ணாடி மேசை என்னுடையது.
பெனடிக்ரா மிஸி தந்துவிட்டுப் போன மணிக்கூட்டில்
சன்னலுக்கு மேலே எட்டின் அடிவயிறு,
கீழே ஒன்பதின் தலை,
இடையில் ஒரு வெள்ளைக் கோடு.

ஓட்டம் நல்லம்.
நாளுக்கு நாலு விநாடி முந்தும், அவ்வளவுதான்.
சாவியை ஒரு சொடுக்கு இழுத்துச் சுற்றினேன்.
பத்து, பதினொன்று, அங்கே முப்பத்தொன்று மட்டும்
ஒவ்வொன்றும் துள்ளி வந்து
பாதி உடம்போடு நின்றது,
கடன்காரன் படலையில் நிற்கிறமாதிரி.

முதலில் தாங்குநாக்கைச் சந்தேகப்பட்டேன்.
அது தளர்ந்திருந்தால் இலக்கம்
ஒருநாள் ஏறி நிற்கும், ஒருநாள் இறங்கி நிற்கும்.
இதுவோ எல்லா நாளும் ஒரே அளவு பிழை.
ஒரே அளவு பிழை விடுகிறவனுக்கு
நோயில்லை, பழக்கம்.

டயலைக் கழற்றினேன். கால் இரண்டும் முறியவில்லை.
வளையத்தின் முப்பத்தொரு பல்லையும் எண்ணினேன்.
முழுசு.
ஒரு பிளேன்ரீ குடித்தேன்.
அதற்குப் பிறகுதான் கண்டேன்,
சாவி நாலு மணிப் பக்கம் இருக்கிற மணிக்கூட்டுக்கு
அச்சடித்த வளையம் இது.
இதன் சாவி மூன்றில்.
ஒரு மணியின் முப்பது பாகைக்குள்
இரண்டு நாள் அடங்கும்,
மிச்சம் அரைநாள் வெளியே தொங்கும்.
ஒன்றிலும் பழுதில்லை. எல்லாம் நல்ல சாமான்.

எந்த மடையன் போட்டது என்று
பக்கத்தில் சிம் விற்கிற பொடியனுக்குக் கேட்கச் சொன்னேன்.

பின்மூடியின் உட்பக்கம்,
திருத்தினவன் ஊசியால் கீறிவைக்கிற இடம்.
லென்ஸைக் கண்ணில் இறுக்கினேன்.
ப.நி. 12.98

பரநிருபசிங்கம்.
நான்.

பற்றறிக்குத் தடை இருந்த காலம்.
சைக்கிளைக் கவிழ்த்து மிதித்து றேடியோ கேட்டோம்.
குவாட்ஸ் எல்லாம் செத்துக் காப்பாகத் தொங்க,
பெட்டியடியில் கிடந்த பழசுகள் எழும்பி என்னிடம் வந்தன.
ஒன்றை உடைத்துத்தான் ஒன்று.
ஜாம்போத்தல் விளக்கில் இதைப் பூட்டிவிட்டு
"பாதிபாதி தெரியும் மிஸி, இப்போதைக்குப் பாவியுங்கோ"
சொல்லியிருப்பேன்.
சொன்னேனா?

அந்த இப்போதைக்கு இருபத்தாறு வருசம்.

இரவு படுத்தால் நித்திரை இல்லை.
இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி மிஸியின் கையில் விழுந்ததுகள்.
என் மகள் ஆரபியும்.
பத்திரத்தில் பங்குனி ஒன்பது.
மனுசி மட்டும் விடமாட்டாள்:
"எட்டாந் திகதி. திங்கள் விரதம்.
பெத்தவள் நான், எனக்குத் தெரியாதோ?"
வருசா வருசம் கேக்கு வெட்டமுதல் ஒரு சண்டை,
நான் எப்போதும் பத்திரத்தின் பக்கம்.

காலையில் தகரப்பெட்டியைக் கிளறினேன்.
இப்போது வளையத்துக்குப் பஞ்சமில்லை.
போட்டதும் ஏழு முழுதாக வந்து
சன்னலை நிறைத்து நின்றது.

மத்தியானம் மிஸி வந்தா.
கேட்டேவிட்டேன்.
"இந்தத் திகதியைப் பார்த்தோ
பிள்ளையளுக்கு எழுதினனீங்கள்?"
கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.
"அந்தப் பாதியை ஆர் பார்த்தது?
நாடி பிடிக்க விநாடி முள்ளுக் காணும்.
திகதிக்குச் சங்கக்கடைக் கலண்டர்.
அதிலயும் சில நாள் தாள் கிழிக்க மறந்துபோம்."

மகளைப் பற்றிக் கேட்க வாயெடுத்து
எண்ணெய்ப் போத்தலை மூடினேன்.

"எவ்வளவு?"
"கழுவி எண்ணெய் விட்டதுக்கு ஆயிரத்து இருநூறு.
திகதிக்கு ஒண்டுமில்லை."
ஏனென்று கேட்கவில்லை.
கட்டிக்கொண்டு காதில் ஒருக்கா வைத்துப் பார்த்தா.
வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி,
"தம்பி, இண்டைக்கு எத்தினையாந் திகதி?"
என்று என்னைக் கேட்டா.